உப்பும் சர்க்கரையும் ஜோடியா வந்தா...

கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. ஊரை விட்டு வந்த நம்ம ஆளுங்க வீட்டு மருந்து டப்பாவுல ஓஆர்எஸ் பொட்டலம் ஒண்ணாவது இருக்கும். அதோட கதையில பாதி இந்த ஊர்ப் பக்கம்தான் நடந்ததுன்னு இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது.

குடல் செல்லைச் சுத்தி கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கு. உப்பும் சர்க்கரையும் அதைத் தானா தாண்டாது. புரதத்தாலான வாசல் வேணும். அதுல ஒரு வாசல், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தாத்தான் உள்ளே விடும். இதை ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரத்துல எடுத்துச் சொன்னார். இந்த ரெண்டும் உள்ளே போனா, தண்ணியும் பின்னாடியே போயிடும்.

காலரா கிருமியோட நச்சை 1959-ல் நிரூபிச்சவர் கல்கத்தாவோட சம்புநாத் டே. அந்த நச்சு குடல் செல்லை உப்பு வெளியேத்த வைக்குது. கூடவே தண்ணியும் கொட்டிடுது. ஆனா அந்த ஜோடி வாசலை அது தொடறதில்லை! 1968-ல் டாக்காவுல டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, இது பலிக்கும்னு காட்டினாங்க.

1971-ல் வங்கதேசப் போர். எல்லையோரம் இருக்கிற பன்காவுக்கு அகதிகள் வந்து குவிஞ்சாங்க, கூடவே காலராவும். நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்துகிட்டே வந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் துணிஞ்சு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கலக்கி, நோயாளியோட சொந்தக்காரங்க கையிலேயே கொடுத்துட்டார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஊசியும் நர்ஸும் இல்லாத இடத்துல அம்மாக்களே பிள்ளைகளைக் காப்பாத்தினாங்க.

மகாலனாபிஸ் 2022-ல் இந்த ஊர்லதான் காலமானார். பத்ம விபூஷண் வந்தது 2023-ல். உயிரோட இருக்கும்போதே கொடுத்திருக்கலாம், இல்லையா?

ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க. பொட்டலத்துல போட்டிருக்கிற அளவு தண்ணியிலதான் கலக்கணும். ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டினா, அது குடலுக்குள்ள தண்ணியை இழுத்து பேதியை அதிகமாக்கும். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.