எக்காளம், திருச்சின்னம்: மேல்நிலைச் சுரங்கள்

எக்காளமும் திருச்சின்னமும் தமிழகக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டை அறிவிக்க ஊதப்படும் பித்தளைக் குழல்கள். விரல் துளையோ வால்வோ இல்லாத இவற்றில் சுரத்தை மாற்றுவன ஊதுபவரின் உதடும் மூச்சுமே. மேல்நிலையில் எத்தனை சுரங்கள் எட்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது குழலின் நீளம்.

மரபு

கடலூர் மாவட்டம் பெண்ணாடத்தை அடுத்த திருவட்டத்துறை, தேவாரப் பாடல் பெற்ற நெல்வாயில் அரத்துறை ஆகும். 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்தை நோக்கி நடந்து வந்தபோது, இறைவன் அவருக்கு முத்துச் சிவிகை, முத்துக்குடை, முத்துச் சின்னம் (திருச்சின்னம்) மூன்றையும் அருளியதாகச் சேக்கிழாரின் பெரியபுராணம் (12ஆம் நூற்றாண்டு) கூறுகிறது. சிவிகையோடும் குடையோடும் சேர்த்தே சின்னம் சொல்லப்படுவதால், வருகையை முழங்கி அறிவிப்பதே அதன் முதற்பணி என்பது விளங்கும்.

அமைப்பும் சுரங்களும்

திருச்சின்னம் ஏறத்தாழ இரண்டரை அடி நீள நேர்க்குழல். ஒருவரே இரண்டை ஒருசேர வாயில் வைத்து ஊதுவார். எக்காளம் அதைவிட நீளமானது. துண்டுகளாகச் செருகிப் பொருத்தப்படுவது.

இத்தகைய குழல்களில் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளான சீரிசைகள் மட்டுமே இயல்பாக எழும். அடிப்படை ஒலியை ஷட்ஜமாகக் கொண்டால்:

- 2, 4, 8: மேல் ஷட்ஜங்கள்
- 3, 6: பஞ்சமம்
- 5, 10: அந்தர காந்தாரம்
- 7: கைசிகி நிஷாதத்தினும் சற்றுத் தாழ்ந்தது
- 9: சதுச்ருதி ரிஷபம்
- 11: இரு மத்திமங்களுக்கும் இடைப்பட்டது

கீழே இடைவெளி அகலம். 8ஆம் சீரிசைக்கு மேல்தான் சுரங்கள் நெருங்கி மெட்டுக்கு இடம் தருகின்றன. ஏறத்தாழ ஏழடிக் குழாய் கொண்ட ஐரோப்பிய பரோக் டிரம்பெட்டில் 16ஆம் சீரிசை சுமார் 1,170 ஹெர்ட்ஸ். இரண்டரை அடிக் குழலிலோ 5ஆம் சீரிசையே கணக்குப்படி 1,100 ஹெர்ட்ஸை ஒட்டிவிடும். அதற்குமேல் ஏற உதடு இடங்கொடுப்பது அரிது. மெட்டு பிறக்கும் பகுதி குட்டைக் குழலுக்கு எட்டாமலே போகிறது.

இசையமைப்பு

எனவே இக்குழல்களுக்கான இசை ச–ப–ச என்ற சில சுரங்களையும் தாளத்தையும் நம்பியது. கேரளப் பஞ்சவாத்தியத்தின் கொம்பும் இவ்வாறே தாளத்தை அழுத்திக் காட்டும். புறப்பாட்டில் மெட்டை ஏற்பது ஏழு விரல் துளைகள் கொண்ட நாகசுரம். சிதம்பரத்தின் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரைத் தேர்விழாக்களில் அது வாசிக்கும் மல்லாரி பெரும்பாலும் கம்பீர நாட்டையில் அமைவது. அந்த ராகத்தின் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகியவை சீரிசைகளாகக் கிடைக்கும். இக்குழல்கள் எட்டும் உயரத்தில் சுத்த மத்திமமும் காகலி நிஷாதமும் கிடைக்கா. ஆகவே நாகசுரத்தின் சுருதிக்கு ஏற்ற நீளமுள்ள குழலானால், மல்லாரி ஷட்ஜ பஞ்சமங்களில் நிற்கும் இடங்களில் அதைச் சேர்க்கலாம்.

உச்ச சுரத்தைக் குறுகிய முழக்கமாக, கீழ்ச் சுரத்திலிருந்து ஏறி எட்டுமாறு எழுதுவதும், அடுத்து உதடு தளர ஓய்வு விடுவதும் ஊதுபவருக்கு எளிது. நீளம் விதிக்கும் இந்த எல்லையைத் தாண்டும் வகையில், 1810களில் ஜெர்மனியில் உருவான வால்வு, ஒரே கருவியில் குழாயின் நீளத்தை நொடியில் மாற்ற வழிசெய்தது. அதனால் டிரம்பெட் கீழ்நிலையிலும் முழு மெட்டை வாசிக்கத் தொடங்கியது.