கவுட் மூட்டுவலி

இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியக்கூடும். பெரும்பாலும் கால் பெருவிரலின் அடியில். நள்ளிரவில் கிளம்பும் வலி, போர்வை படுவதைக்கூடப் பொறுக்கவிடாது.

ஈரல் கறி மீதும் பீர் மீதும் பழிபோடுவது வழக்கம். அவற்றுக்கும் பங்குண்டு, ஆனால் பெரும்பாலோரிடம் சிறுநீரகம் இந்த அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாததே முதன்மைக் காரணம்.

வலி மூண்ட நேரத்தில் கொல்சிசின், ஸ்டீராய்டு போன்றவை உதவும். கொல்சிசின் செங்காந்தள் விதையிலும் உண்டு. மூலனூர், தாராபுரம் வட்டார உழவர்கள் அந்த விதைக்காகவே செடியைப் பயிரிடுகிறார்கள். அதன் விதையும் கிழங்கும் கொடிய நஞ்சு. கைவைத்தியம் கூடவே கூடாது.

அமில உற்பத்தியைக் குறைக்கும் அலோபுரினால் 1966இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வலி அடங்கிய பின்னும் அதை மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும்.