பர்மிய விவிலியமும் ஜட்சன் தம்பதியரும்

அமெரிக்காவிலிருந்து இந்தியா வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் எதிர்ப்பால் இங்குத் தங்க இயலாமல், சென்னையில் கப்பலேறி 1813 சூலையில் இரங்கூனை அடைந்த அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும், விவிலியத்தைப் பர்மிய மொழியில் பெயர்க்கும் பணிக்கே தம்மை ஒப்படைத்தனர். அதோனிராம் பர்மியத்தோடு பௌத்த மறைநூல்களின் மொழியான பாலியையும் பயின்றார்; அன்றாடப் பேச்சுவழக்கில் விரைந்து தேர்ந்த ஆன், சயாம் மொழியையும் கற்று அதில் மத்தேயு நற்செய்தியைப் பெயர்த்தார்.

1824இல் ஆங்கிலேய–பர்மியப் போர் மூண்டபோது, ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் அதோனிராம் தலைநகர் ஆவாவில் சிறையிடப்பட்டார். கருவுற்றிருந்த ஆன், அதிகாரிகளிடம் நாள்தோறும் மன்றாடியும் சிறைக்கு உணவு கொண்டுசென்றும் வந்ததோடு, புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப்படியை முதலில் மண்ணில் புதைத்துவைத்து, மழைக்காலத்தில் அது கெட்டுவிடும் என்றஞ்சி, எவரும் விரும்பாத கரடுமுரடான தலையணைக்குள் தைத்துக் கணவரிடமே சேர்ப்பித்தார். கைதிகள் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது எறியப்பட்ட அத்தலையணையை எடுத்துக் காத்தவர் மௌங் இங் என்னும் பர்மியக் கிறித்தவர். மொழிபெயர்ப்பாளராக அதோனிராமின் பெயரே நிலைத்திருப்பினும், அக்கையெழுத்துப்படி பிழைத்ததில் ஆனுக்கும் மௌங் இங்குக்கும் உரிய பங்கைச் சிறிதெனக் கொள்வது நியாயமன்று.

ஆன் 1826இல் மறைந்தார். பழைய ஏற்பாட்டை 1834இல் முடித்த அதோனிராம், முழு விவிலியத்தின் திருத்தப் பதிப்பை 1840இல் நிறைவுசெய்தார்.