மிளகாய் இல்லாத ரசம்

தலைவலி, சளி, அஜீரணம், முதல் நாள் கல்யாண விருந்து... எதுவாக இருந்தாலும் தமிழ் வீடுகளில் அடுத்த வேளைக்கு ஒரே மருந்துதான். ரசம்! வேகவைத்த பருப்பின் தெளிவு, புளிக்கரைசல், இடித்த மிளகு சீரகம், கடைசியில் ஒரு தாளிப்பு. இதைவிட "நம்ம" சாப்பாடு வேறு எது இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் அடுப்பில் கொதிக்கும் அந்தப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தால் பாதி உலகம் அதில் மிதக்கிறது.

முதலில் பெயர். 'ரசம்' வடமொழிச் சொல், சாறு என்று பொருள். தமிழில் அதற்குச் சரியான சொல் 'சாறு'தான். வைணவ வீடுகளில் இன்றும் 'சாற்றமுது' என்கிறார்கள், பேச்சில் அது 'சாத்தமுது'. கன்னடத்தில் 'சாரு', தெலுங்கில் 'சாரு'. மூன்று மொழிகளிலும் ஒரே சொல் இருப்பதைப் பார்த்தால், இந்தப் பண்டம் தென்னிந்தியா முழுவதுக்கும் பொதுச்சொத்து என்பது புரியும்.

யார் யார் எங்கிருந்து வந்தார்கள்?

காய்ந்த மிளகாயில் தொடங்குவோம். மிளகாயின் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். 1492-ல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேரும் வரை ஆசியாவில் யாரும் மிளகாயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகு, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. இதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது. மிளகு + காய் = மிளகாய். மிளகைப் போலக் காரமாக ஒரு காய் வந்தபோது, தெரிந்த பொருளின் பெயரையே நம் முன்னோர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள்.

தக்காளியும் அமெரிக்கா பக்கம்தான். அது இந்தியச் சமையலறைக்குள் பரவலாக நுழைந்து நூற்றைம்பது வருடம்கூட ஆகியிருக்காது. நம் ஊரில் மணத்தக்காளி போன்ற சின்னப் பழங்கள் ஏற்கெனவே இருந்ததால், புதிதாக வந்த பெரிய பழத்தைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். நாளாவட்டத்தில் 'சீமை' உதிர்ந்துவிட்டது.

புளி? பழந்தமிழ்ப் பாடல்களிலேயே வருகிறது. ஆனால் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மிகப் பழங்காலத்திலேயே இங்கே வந்து வேரூன்றிவிட்டதால் அரேபியர்கள் அதை 'தமர் ஹிந்தி', அதாவது 'இந்தியப் பேரீச்சை' என்று அழைத்தார்கள். கொத்தமல்லியும் சீரகமும் மத்தியதரைக் கடல், மேற்காசியப் பகுதிகளில் இருந்து வந்தவை. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் மலைகளில் விளைவது. 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் முதல் நாற்றை நடும் வரை, இந்தியாவில் பெருங்காயச் சாகுபடியே கிடையாது. இத்தனை நூற்றாண்டாக நாம் போட்ட ஒவ்வொரு சிட்டிகையும் இறக்குமதிதான்!

அப்படியானால் மிச்சம் என்ன?

இரண்டு முக்கியமான பொருட்கள் மிஞ்சுகின்றன. ஒன்று துவரை. அது இந்தியத் தீபகற்பத்தில் பயிராக்கப்பட்டது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தென்னிந்தியாவில் வாழ்ந்த புதிய கற்கால மக்கள் கொள்ளும் பயறும் அதிகம் விளைவித்தார்கள் என்பதை அகழாய்வில் கிடைத்த கருகிய விதைகள் காட்டுகின்றன. கொங்கு நாட்டில் கொள்ளு ரசம் வைப்பவர்களின் பருப்புக்கு அவ்வளவு வயது!

இன்னொன்று மிளகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி. சங்கப் பாடல்களில் இதற்குக் 'கறி' என்றும் பெயர். யவனர்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. எகிப்தில் செங்கடல் ஓரமாக இருந்த பெரெனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது, 1999-ல் ஒரு கோயில் வளாகத்தில் இந்தியத் தயாரிப்பான பெரிய சாடி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் ஏழரை கிலோ மிளகு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஆக, மிளகாய்க்கு முந்தைய ரசத்தின் காரம் முழுவதும் மிளகின் காரம். அதனால்தான் அதன் பழைய பெயர்களில் ஒன்று 'மிளகுத்தண்ணீர்'. இந்தப் பெயர்தான் கப்பலேறியது.

சிறைச்சாலையிலிருந்து சீமைக்கு

யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, 'மல்லிகடானி' என்ற ஆங்கிலச் சொல் தமிழ் 'மிளகுத்தண்ணீர்'தான் என்கிறது. அதில் 1784-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று மேற்கோளாக வருகிறது. பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஆங்கிலேயக் கைதிகள், கஞ்சியும் மிளகுத்தண்ணீரும் குடித்துக் கிடக்கும் தங்கள் தலைவிதியை நொந்து பாடுவதாக அமைந்த பாட்டு. அதாவது அன்றைக்கு அவர்களுக்கு அது கைதிச் சோறு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆங்கிலேயர் விருந்து என்றால் முதலில் சூப் வர வேண்டும். நம் சாப்பாட்டில் சூப் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் சோற்றில் பிசைந்து சாப்பிடுபவை. சூப்புக்குக் கிட்டத்தட்ட இருந்தது இந்த மிளகுத்தண்ணீர்தான். அதில் கோழியும் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் சேர்ந்தன. இந்தக் கலவையைச் சமைத்துக் கொடுத்தவர்கள் துரை வீட்டுச் சமையல்காரர்கள். ஒருவர் பெயரையும் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கோ இந்த சூப்பினால் 'மல்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

1861-ல் வெளிவந்த மிசஸ் பீட்டனின் புகழ்பெற்ற சமையல் புத்தகத்தில் மல்லிகடானி இருக்கிறது. கோழி அல்லது முயல், பன்றி இறைச்சி, பாதாம், கறிப்பொடி எல்லாம் உண்டு. புளி இல்லை, பருப்புத் தெளிவும் இல்லை! 1878-ல் சென்னையில் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் எழுதிய சமையல் நூல் கொஞ்சம் நேர்மையானது. பெயரை மிளகு, தண்ணீர் என்று பிரித்துக் காட்டி, உள்ளூர்க்காரர்கள் வைக்கும் எளிய மிளகுத்தண்ணீரையும் அவர் விவரிக்கிறார். அதில் புளி, பூண்டு, கறிவேப்பிலையோடு காய்ந்த மிளகாயும் வந்துவிட்டது. மிளகாய் அதற்குள் வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சீமைக்குப் போனதில் பெயர் பிழைத்தது, பக்குவம் போய்விட்டது. இங்கே நேர்மாறாக, பொருட்கள் மாறிக்கொண்டே இருந்தும் பக்குவம் மாறவில்லை. 'பாரம்பரிய உணவு' என்று சண்டை போடும்போது இந்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்து விலக்கத் தொடங்கினால் பெருங்காயமும் போகும், புளியும் போகும்.

பக்குவத்துக்குள் ஒரு சிக்கனமும் இருக்கிறது. ஒரு கைப்பிடி துவரம்பருப்பைக் கெட்டியாகச் சாப்பிட்டால் ஒருவருக்குப் போதும், கரைத்து ரசமாக்கினால் ஒரு குடும்பமே சோறு பிசைந்துகொள்ளலாம். 2015-ல் துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயை எட்டியபோது இந்தச் சிக்கனத்தின் அருமை பலருக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டில் வைத்துப் பார்க்க

நான்கு பேருக்கு: ஒரு கைப்பிடி துவரம்பருப்பை மஞ்சள் தூள் சேர்த்துக் குழைய வேகவைத்து, மசித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ள வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். ஒன்றரை ஸ்பூன் மிளகையும் ஒரு ஸ்பூன் சீரகத்தையும் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, பருப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். நுரை கட்டி மேலே எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

ஈயச்சொம்பு இருந்தால் அதிலேயே வைக்கலாம். அது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் விஷம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. ரசம் உள்ளே இருக்கும் வரைதான் சொம்பு பத்திரம்!

மிளகாயும் தக்காளியும் இல்லாத இந்த ரசம் சிவப்பாக இருக்காது, மங்கலான மஞ்சளாக இருக்கும். காரம் நாக்கில் சுரீரென்று ஏறாது, தொண்டையில் மெதுவாக இறங்கும். ஐநூறு வருடத்துக்கு முந்தைய தென்னிந்தியச் சோற்றுக்கு ஏறக்குறைய இந்தக் காரம்தான் தெரியும்.