வலையொலியின் வரலாறும் இணையவழி மாணவர்களின் பாதுகாப்பும்

முன்னுரை

வலையொலி என்பது இணையத்தில் கோப்பாக வைக்கப்பட்டு, கேட்பவரின் கைப்பேசிக்கோ கணினிக்கோ தானாக வந்து சேரும் தொடர் ஒலிநிகழ்ச்சி ஆகும். பாட்காஸ்ட் என்ற பெயராலேயே பலரும் இதை அறிவர். வானொலியில் நிகழ்ச்சிக்காக நாம் காத்திருக்க வேண்டும். வலையொலியில் நிகழ்ச்சி நமக்காகக் காத்திருக்கும். மாணவர்கள் பாடம் கேட்கவும், தாமே பேசிப் பதிவு செய்து வெளியிடவும் இன்று இதைப் பயன்படுத்துகின்றனர்.

இதன் வரலாற்றைப் படித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். பெயர் கேட்காமல் பாடம் தந்த வழி ஒன்று. பெயர், தொலைபேசி எண், முகம் எல்லாவற்றையும் கேட்ட பிறகே பாடம் தந்த வழி மற்றொன்று. இணையத்தில் படிக்கும் மாணவரின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

வானொலிப் பாடம்

ஒலியின் வழியே பாடம் நடத்துவது புதிதன்று. பிரிட்டனில் பிபிசி 1924 ஏப்ரல் 4-ல் நாடு தழுவிய பள்ளி ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவிலும் அகில இந்திய வானொலி பள்ளிகளுக்கென நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. வானொலிப் பாடத்தில் ஒரு குறை இருந்தது. ஒலிபரப்பான நேரத்தில் கேட்காவிட்டால் பாடம் போயிற்று. ஒரு நிறையும் இருந்தது. யார் கேட்கிறார்கள் என்று வானொலி நிலையத்துக்குத் தெரியாது. கேட்பவர் எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டியதில்லை.

செய்தியோடை உருவான விதம்

வலையொலிக்கு மூன்று பொருள்கள் தேவைப்பட்டன. முதலாவது, ஒலியைச் சிறிய கோப்பாகச் சுருக்கும் எம்பி3 முறை. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனத்தினர் 1995-ல் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தனர். குறுவட்டில் உள்ள ஒலியை இம்முறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம். இரண்டாவது, சட்டைப் பையில் வைக்கக்கூடிய ஒலிக்கருவி. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியது.

மூன்றாவதே முக்கியமானது. அது ஆர்.எஸ்.எஸ். எனப்படும் செய்தியோடை. ஓர் இணையதளத்தில் புதிதாக என்ன வந்துள்ளது என்பதைப் பட்டியலிடும் எளிய உரைக்கோப்பு அது. 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இது தோன்றியது. மென்பொருள் வல்லுநர் டேவ் வைனர் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இதில் ஒரு புதிய வசதியைச் சேர்த்தார். கடிதத்துடன் இணைப்பு அனுப்புவதுபோல், செய்தியோடையுடன் ஒலிக்கோப்பின் முகவரியையும் இணைக்க முடிந்தது. தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி இத்தகைய வசதி வேண்டும் என்று அவரைத் தூண்டியவர்களில் ஒருவர்.

2003 ஜூலையில் இந்தச் செய்தியோடையின் விதிமுறை ஆவணம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டு, படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அதனால் அது தனி ஒரு நிறுவனத்தின் சொத்தாகவில்லை. ஊர்ப் பொதுக்கிணறுபோல் எல்லோருக்கும் பொதுவாயிற்று. அதே ஆண்டில் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் லைடன் தம் நேர்காணல்களை இம்முறையில் வெளியிட்டார்.

பெயரும் பரவலும்

2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் எழுதிய பென் ஹாமர்ஸ்லி, இந்தப் புதிய முயற்சிக்குப் பொருத்தமான சில பெயர்களை முன்வைத்தார். ஐபாடையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து உருவான பாட்காஸ்ட் அவற்றுள் ஒன்று. 2005 ஜூன் 28-ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளைச் சேர்த்தது. இரண்டே நாளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாக்கள் பதிவாயின. அவை அனைத்தும் இலவசம். அந்த ஆண்டின் சொல்லாகப் பாட்காஸ்டை நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி தேர்ந்தெடுத்தது.

ஒலிப்பதிவுக்கும் இதே காலத்தில் எளிய கருவிகள் கிடைத்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் தொடங்கிய ஆடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருள் 2000 மே மாதம் வெளிவந்தது. விலை கொடுக்காமல் ஒலியைப் பதிவு செய்யவும், வெட்டி ஒட்டவும், இரைச்சலை நீக்கவும் மாணவருக்கு வழி பிறந்தது.

வகுப்பறையில் வலையொலி

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2004-ல் முதலாண்டு மாணவர் சுமார் 1,600 பேருக்கு ஐபாடு வழங்கியது. விரிவுரைகளைப் பதிவு செய்யவும் பிறமொழி உச்சரிப்பைப் பழகவும் மாணவர்கள் அதைப் பயன்படுத்தினர். 2007-ல் ஆப்பிள் தொடங்கிய ஐடியூன்ஸ் யு என்ற பிரிவில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விரிவுரைகளை இலவசமாக வைத்தன. இந்தியாவில் 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட பிஎம் இ-வித்யா திட்டத்தில் சிபிஎஸ்இயின் சிக்‌ஷா வாணி என்னும் வலையொலியும் இடம்பெற்றது.

ஐடியூன்ஸ் யு 2021-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட் செயலியும் 2024-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் நேயர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்கு மாற முடிந்தது. செய்தியோடை பொதுவானது என்பதால்தான் இது முடிந்தது. கடை மூடினாலும் பாதை மூடவில்லை.

அந்தப் பாதைக்கே ஒருமுறை ஆபத்து வந்தது. பர்சனல் ஆடியோ என்ற நிறுவனம் வலையொலிக்கான காப்புரிமை தன்னிடம் உள்ளதாகக் கூறி, 2013-ல் வலையொலி நடத்துவோர் மீது வழக்குத் தொடுத்தது. மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி எதிர்த்தது. காப்புரிமை கோரியவருக்கு முன்பே இணையத்தில் தொடர் நிகழ்ச்சிகள் வெளிவந்ததை எடுத்துக்காட்டியது. 2015 ஏப்ரலில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்த உரிமைக்கோரல்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கடவுச்சொல்லின் கதை

மாணவரிடம் அடையாளம் கேட்கும் வழி, வலையொலியைவிட மூத்தது. எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் 1960-களின் தொடக்கத்தில் உருவான சிடிஎஸ்எஸ் என்னும் கணினி அமைப்பைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தினர். ஒவ்வொருவரின் கோப்பும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது.

1962-ல் அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்த ஆலன் ஷெர் என்ற மாணவருக்குக் கணினியில் ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கணினிக்குக் கட்டளை கொடுத்தார். கணினி அப்படியே அச்சிட்டுத் தந்தது. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியில் சொன்னார்.

கடவுச்சொற்களை உள்ளபடியே எழுதி வைக்கக் கூடாது என்ற பாடம் மெல்ல உறைத்தது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகியோர் கடவுச்சொல்லைத் திரும்ப வாசிக்க முடியாத வடிவில் மாற்றிச் சேமிக்கும் முறையைக் கையாண்டு, 1979-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

2020: வீடே வகுப்பறையான ஆண்டு

கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் காணொளிச் செயலிகளுக்கு மாறின. ஜூம் கூட்டங்களில் நாள்தோறும் பங்கேற்றோர் எண்ணிக்கை 2019 டிசம்பரில் 1 கோடியாக இருந்து, 2020 மார்ச்சில் 20 கோடியைத் தாண்டியதாக அந்நிறுவனம் தெரிவித்தது. கூட்டத்தின் இணைப்பு வெளியே கசிந்த இடங்களில் அந்நியர்கள் வகுப்புக்குள் நுழைந்தனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒருவர் இணையவழி வகுப்பில் புகுந்து இழிசொல் பேசி, ஆசிரியரின் வீட்டு முகவரியை உரக்கச் சொன்னதாக எப்பிஐ மார்ச் 30-ல் எச்சரித்தது. ஏப்ரலில் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் ஜூம் இயல்பான அமைப்பாக்கியது. இந்திய உள்துறை அமைச்சகமும் அம்மாதம் 16-ல் அச்செயலி குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

அந்நியர் நுழைந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இழப்பு வேறு. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளின் கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. ஆராய்ந்தவற்றுள் 89 விழுக்காடு, குழந்தைகளின் தனியுரிமைக்கு ஊறு விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய வகையில் தரவுகளைக் கையாண்டதாக அவ்வறிக்கை கூறியது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

• பாடத்தைக் கேட்க மட்டும் எண்ணினால், கணக்குத் தொடங்காமல் கேட்கும் வழி உண்டா என முதலில் பார்க்கவும். செய்தியோடை வழியாகக் கேட்டாலும் கருவியின் இணைய முகவரி வழங்கிக்குத் தெரியும். ஆயினும் பெயரும் எண்ணும் தர வேண்டியதில்லை.

• ஒலி கேட்கும் செயலி தொடர்பு எண்களையோ இருப்பிடத்தையோ கேட்டால் மறுக்கவும்.

• ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல் வைக்கவும். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். மற்றக் கணக்குகளின் சாவி அதில்தான் இருக்கிறது.

• வகுப்பின் இணைப்பையும் கடவுச்சொல்லையும் பொதுக் குழுக்களில் பகிர வேண்டாம்.

• சொந்தமாக வலையொலி வெளியிடும்போது வீட்டு முகவரி, பள்ளிக்குச் செல்லும் வழி, நேரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டாம். பிறர் குரலைப் பதிவு செய்யும்முன் அவர் இசைவைப் பெறவும்.

• தெரிந்தவர் குரலில் பணமோ ஒருமுறைக் கடவுஎண்ணோ கேட்டாலும் நம்ப வேண்டாம். குரலைப் போலி செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பணம் இழந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவும்.

முடிவுரை

எல்லா வகுப்பையும் பெயர் கேட்காமல் நடத்திவிட முடியாது. தேர்வுக்கும் வருகைப் பதிவுக்கும் அடையாளம் வேண்டும். ஆனால் ஒரு பாடத்தைக் கேட்பதற்கு மாணவர் தம்மைப் பற்றி எல்லாம் சொல்லியாக வேண்டும் என்பது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அன்று. அடையாளம் கேட்காமலே கோடிக்கணக்கானோருக்கு ஒலியைக் கொண்டு சேர்க்க முடியும் என்பதை வலையொலி 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து காட்டியுள்ளது. எனவே ஒரு செயலி உங்கள் பெயரையும் எண்ணையும் கேட்கும்போது, இந்தப் பாடத்துக்கு இது எதற்கு என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு கொடுத்தால் போதும்.