ரோஜா சர்பத்

ரோஜா சர்பத் என்பது ரோஜா இதழ்களின் மணத்தைச் சர்க்கரைப் பாகில் ஏற்றித் தயாரிக்கப்படும் பானச் சாறு. நீரிலோ பாலிலோ கலந்து குடிக்கப்படுகிறது. ஃபலூடா, ஐஸ்கிரீம், கீர் போன்றவற்றின் மீதும் ஊற்றப்படுகிறது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் ரோஸ் மில்க்கின் மூலப்பொருளாகவே அறியப்படுகிறது.

சர்பத் என்ற சொல் அரபு மொழியில் 'குடித்தல்' எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது. பாரசீகம், துருக்கி வழியாக அது பல மொழிகளுக்குச் சென்றது. ஆங்கிலத்தின் சிரப், ஷெர்பெட், பிரெஞ்சின் சோர்பே ஆகியவை அதே வேரில் கிளைத்தவை. பாகுக்குத் தேவையான சர்க்கரை எதிர்த்திசையில் பயணம் செய்தது. கரும்புச் சாற்றைப் படிகமாக்கும் தொழில்நுட்பம் இந்தியாவில் உருவாகி மேற்கே சென்றது. 'சர்க்கரா' என்ற வடசொல்லே பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர் ஆனது. பெயர் மேற்கிலிருந்தும் இனிப்பு கிழக்கிலிருந்தும் வந்து ஒரே குவளையில் சேர்ந்தன எனலாம்.

ரோஜாவின் மணத்தை நீரில் பிடித்துவைக்கும் கலை பாரசீகத்தில் செழித்தது. பாரசீக மொழியில் 'குல்' என்றால் மலர், 'ஆப்' என்றால் நீர். ஆகவே குலாப் என்பது முதலில் பூவின் பெயரன்று, பன்னீரின் பெயர். இந்தியில் அது பிற்காலத்தில் பூவையே குறிக்கலாயிற்று. தமிழில் இதற்கு நேர்மாறாக, பன்னீருக்குரிய பூ என்பதால் 'பன்னீர் ரோஜா' என்ற பெயர் நிலைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி நறுமணப் பொருட்களை வாலையில் வடிப்பது பற்றித் தனி நூலே எழுதினார். பார்ஸ் மாகாணம் அப்பாசியக் கலீபாக்களுக்குச் செலுத்திய வரியில் 30,000 குப்பி பன்னீரும் இருந்ததாக இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார்.

இந்தியாவில் மொகலாயர் காலத்தில் இப்பானம் அரசவைச் சிறப்புப் பெற்றது. இந்துஸ்தானத்தில் பனிக்கட்டியும் குளிர்ந்த நீரும் இல்லை என்று பாபர் தம் நினைவுக் குறிப்பில் குறைபட்டுக்கொண்டார். அவர் பேரன் அக்பரின் காலத்தில் வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிர்விக்கும் முறை இருந்ததை அபுல் ஃபசல் பதிவு செய்துள்ளார். நூர்ஜகானின் தாய் பன்னீர் காய்ச்சும்போது மேலே மிதந்த எண்ணெயைச் சேகரித்து ரோஜா அத்தரைக் கண்டறிந்தார் என ஜஹாங்கீர் எழுதுகிறார். பிற்காலத்தில் கங்கைக் கரையிலுள்ள காஜிபூரும், கன்னோசியும் ரோஜா வடிப்புக்குப் பெயர் பெற்றன.

அரண்மனையைவிட மருந்துக் கடைக்கே இப்பானம் அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. யுனானி மருத்துவத்தில் சர்பத் என்பது லேகியம், சூரணம் போல ஒரு மருந்து வடிவம். கசப்பான மூலிகைச் சாற்றையும் கெடாமல் வைத்து எளிதாகக் குடிக்கச் செய்தது பாகுதான். 1906-இல் பழைய தில்லியில் ஹம்தர்த் என்ற மருந்தகத்தைத் தொடங்கிய ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத், அடுத்த ஆண்டு வெயில் சோர்வுக்கென ரூஹ் அஃப்சா என்ற சர்பத்தை உருவாக்கினார். ரோஜாவுடன் தாழம்பூ, வெட்டிவேர், பழச்சாறுகள், மூலிகைகள் ஆகியன அதில் சேர்ந்தன. 1922-இல் அவர் இறந்தபின் குடும்பத்தினர் தொழிலைத் தொடர்ந்தனர். பிரிவினைக்குப் பின் மூத்த மகன் தில்லியிலேயே தங்க, இளைய மகன் ஹக்கீம் முகமது சயீத் 1948-இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்து அங்கும் ஹம்தர்தை நிறுவினார். நாடு பிரிந்தது, குடும்பமும் பிரிந்தது. சர்பத்தின் பெயர் மட்டும் இரு நாடுகளிலும் மாறவில்லை. பின்னர் வங்கதேசத்திலும் அதே பெயரில் விற்பனையாயிற்று.

ரோஜா சர்பத் என்றதும் அடர் சிவப்பு நிறமே நினைவுக்கு வருகிறது. ஆனால் இதழ்களை வெறும் நீரில் காய்ச்சினால் அந்நிறம் கிடைக்காது. மங்கிய பழுப்பு கலந்த சாறே வரும். இதழிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலம் பட்டால்தான் சிவக்கும். இப்பண்பை அறிவியலுக்குப் பயன்படுத்தியவர் ராபர்ட் பாயில். அவர் காலத்து ஐரோப்பிய மருந்துக் கடைகளில் வயலட் பூவின் பாகு எளிதில் கிடைத்தது. அந்த நீலப் பாகு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை, நிறங்கள் குறித்து 1664-இல் வெளியிட்ட நூலில் அவர் விவரித்தார். நம் வீட்டுச் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாவதும் இதே வேதியியல்தான்.

கடைச் சர்பத்தின் செந்நிறம் பெரும்பாலும் கார்மாய்சின், பான்சோ 4ஆர் போன்ற செயற்கைச் சாயங்களால் வருவது. இவற்றை ஓர் எல்லைக்குள் சேர்க்க இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் துணிச் சாயமான ரோடமின்-பி உணவில் அறவே தடை செய்யப்பட்டது; 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்கு வந்த தடை இதன் பொருட்டே. மணமும் பல குப்பிகளில் எசன்ஸ்தான். ஒரு தலைமுறை ரோஜாவைக் கண்டிராத ரோஜா சர்பத்தையே குடித்து வளர்ந்துவிட்டது. வீட்டில் உண்மையான பூவில் செய்து கொடுத்தால், "கலரே இல்லையே, இது ரோஸ் மில்க்கா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

வீட்டில் செய்யும் முறை கடினமன்று. பூவைத் தேர்வதே கடினம். மாலைக்கும் பூங்கொத்துக்கும் விற்கப்படும் ரோஜாக்களில் பூச்சிமருந்து தங்கியிருக்கும் என்பதால் அவை உணவுக்கு ஏற்றவை அல்ல. மருந்து தெளிக்காத வீட்டுச் செடியின் பன்னீர் ரோஜாவே நல்லது. வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். வெயிலில் மணம் ஆவியாகிவிடும். இதழின் அடியிலுள்ள வெண்பகுதி கசக்கும் என்பதால் அதைக் கிள்ளிவிடலாம். சுமார் 100 கிராம் இதழ் மீது அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொதிநீர் ஊற்றி, இறுக மூடி இரவு முழுதும் வைக்கவும். இதழ்களோடு அடுப்பில் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், பாகு மணக்காது. மறுநாள் மெல்லிய துணியில் வடித்து, அரை லிட்டர் சாற்றுக்கு ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, மிதமான சூட்டில் கரையும்வரை மட்டும் கிளறவும். கம்பிப் பதம் தேவையில்லை. இறக்கியபின் ஓர் எலுமிச்சையின் சாறு பிழிந்தால் இளஞ்சிவப்பு எழும். பாகு மீண்டும் படிகமாவதும் குறையும்.

சர்க்கரையைக் குறைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மருந்தகப் பாகிலும் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே இருந்தது. அந்த அடர்த்தியில் நுண்ணுயிர்கள் வளர நீர் கிடைப்பதில்லை. அளவைப் பாதியாக்கினால் குளிர்பெட்டியிலும் சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். முழு அளவில் செய்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். குல்கந்து வேறு வகை: அதில் இதழும் சர்க்கரையும் அடுக்கடுக்காக வெயிலில் ஊறுகின்றன, நீரே சேர்வதில்லை.

வீட்டுப் பாகைப் பாலில் கலக்கும்போது பால் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். சூடான பாலில் ஊற்றினால் எலுமிச்சையின் புளிப்பால் திரிந்துவிடும். பாலுக்கென்றே செய்பவர்கள் எலுமிச்சையை விட்டு, ஒரு சிறு துண்டு பீட்ரூட்டைச் சாற்றில் ஊறவைத்து நிறம் பெறுகிறார்கள். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதன் உறவுப் பானம் நன்கு தெரியும்: சீராப் பாண்டுங், அதாவது ரோஜாப் பாகும் சுண்டிய டின் பாலும் கலந்தது. அங்குள்ள கடைகளிலும் அதைக் கேட்டு வாங்குபவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.