பரண் வெப்பக்காப்பு

அமெரிக்க வீடுகளில் சாய்கூரைக்கும் உள்கூரைக்கும் இடையே கண்ணாடி இழையோ செல்லுலோஸோ பரப்பி, குளிர்காலத்தில் வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுக்கும் முறை. பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். பழைய வீடென்றால், பரணில் ஏற்கெனவே கிடப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாம்பல் கலந்த பழுப்பில், அடுக்கடுக்காக மினுங்கும் சிறு துகள்கள் தென்பட்டால் அது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம். மொன்டானா மாநிலத்தின் லிப்பி சுரங்கத்தில் 1990 வரை வெட்டப்பட்டு, ‘சோனோலைட்’ என்ற பெயரில் விற்கப்பட்ட வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்தது. கிளறினால் நார் காற்றில் பறக்கும். நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்தும் புற்றுநோயை உண்டாக்கும். சாதாரண முகமூடி இதற்குப் போதவே போதாது. கைவைக்காமல் பயிற்சி பெற்றவர்களை அழைப்பதே சரி.

கண்ணாடி இழை விரிப்பவர் கையுறை, கண்ணாடி, என்-95 முகமூடி அணிந்து, உத்திரங்களின் மேல் மட்டுமே கால்வைக்க வேண்டும்; இடையிலுள்ள ஜிப்சம் பலகை ஆள் பாரம் தாங்காது. இறவாரக் காற்றுவழிகளை அடைக்கக் கூடாது.